கூட்ஸ் போன பிறகு

அத்திப்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு மாடியறையில்தான் இந்த இதழின் வேலைகள் நடக்கின்றன. நிலக்கரி கூட்ஸ் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போகட்டும் என்று காத்திருப்போம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை பாட்டையும் அப்படி நிறுத்த வேண்டிவந்தது. கேட்டுக்கொண்டிருந்தது, கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923 ஏப்ரலில் பதிவுசெய்த 'டிப்பர்மவுத் ப்ளூஸ்'. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், ஒரு பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள் இருந்தது ஜென்னெட் நிறுவனத்தின் பதிவுக்கூடம். பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் வந்தால் அவர்களும் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

அன்று மைக் கிடையாது. மின்சாரப் பதிவு 1925-இல்தான் வந்தது. ஒரு பெரிய புனலைப் பார்த்து எல்லாரும் ஒன்றாக வாசிக்க வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். சத்தமாக வாசிக்கிறவர் தள்ளி நிற்க வேண்டும். 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், குரு ஆலிவரையே அமுக்கிவிடும் என்று அவரைப் பல அடி தள்ளி மூலையில் நிறுத்தினார்கள். பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டினார்.

முதல் தடவை எங்களுக்குக் கேட்டது எண்ணெயில் அப்பளம் பொரியும் சத்தமும் அதற்குள் ஒரு கூச்சலும்தான். பிறகு ஒரு வழி கண்டோம்: ஒரு தடவைக்கு ஒரு ஆள். முதலில் மரக்கட்டை மட்டும். அது பிடிபட்டதும் மற்றவர்களுக்கு நிற்கத் தரை கிடைத்தது. அடுத்து ஜானி டாட்ஸின் கிளாரினெட், மெட்டுக்கு மேலே ஏறியும் இறங்கியும் ஓயாமல் கோலம் போடுகிறது. அப்புறம் டிராம்போன், அடியில் இழுத்து இழுத்து. எட்டாவது தடவையிலோ என்னவோ ஆலிவர் தனியாக வருகிற இடம் திறந்தது. கார்னெட்டின் வாயை மூடி மூடித் திறந்து அதை அழவைக்கிறார், பேசவைக்கிறார். மூன்று சுற்று. முடிகிற இடத்தில் பாஞ்சோக்காரர் பில் ஜான்சன் வாய்விட்டுக் கத்துகிறார், கச்சேரியில் தன்னை மறந்து யாரோ 'பலே' என்பதுபோல. நூறு வருடத்துக்கு முந்தைய அந்த அறையில் ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரைச்சலை நீக்கிய பதிவுகளும் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அவை வேண்டாம். அப்பளச் சத்தத்தைத் துடைக்கிற கை, கிளாரினெட்டின் உச்சியையும் மரக்கட்டையின் கூர்மையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

அந்த ஞாயிறு எங்களோடு இருந்த பெரியவர் திருவொற்றியூரில் நெடுங்காலம் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை ஓடும்போதே, "இது சாவுக்கு வாசிக்கிற செட்டு மாரி இருக்குதே தம்பி" என்றார். உண்மைதான். ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் சவ ஊர்வலங்களில் வாசித்து வந்தவர்கள். அங்கே போகும்போது மெதுவான துதிப்பாடல், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல். இங்கே போகும்போதே ஆட்டம். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்த மாஸ்டர் மறுபடியும் சொன்னார்: "பின்னாடி ஒருத்தன் நிக்கிறான் பாரு. அவன்தான் பெரிய ஆளு."

மூலையில் நின்ற ஆம்ஸ்ட்ராங். எட்டுத் தடவை கேட்டும் எங்களுக்குப் பிடிபடாதவர் அவர்.

ஜாஸ் என்ற பெயரில் முதலில் வெளியான இசைத்தட்டு 1917-இல் ஒரு வெள்ளையர் குழு வாசித்தது. அந்த இசையை உண்டாக்கிய கறுப்பர்களின் குழுக்கள் புனலுக்கு முன்னால் வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. அந்தத் தட்டுகளுக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. அவற்றுக்கான அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது, சோட்டா நாக்பூரின் புரச மரக் கிளைகளில் பூச்சிகள் கட்டிய அரக்கு. ஆட்களும் இங்கே வந்தார்கள். 1926-இல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் ஆம்ஸ்ட்ராங்கோடு பதிவுசெய்த பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட் ஆசியாவுக்குக் கப்பலேறினார். பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசித்தார். 1945-இல் கல்கத்தாவில் காலரா கண்டு இறந்தார்.

வடசென்னையின் ஊர்வலங்கள் இன்று எல்லார் போனிலும் இருக்கின்றன. ஆட்டம் தெரிகிறது, பட்டாசு கேட்கிறது, மாலை கட்டிய வண்டி தெரிகிறது. வாசிக்கிறவர் யார், பின்னால் நின்றவர் என்ன வாசித்தார் என்பது எதிலும் இல்லை. மெழுகுத் தட்டு வைத்திருந்தவர்களைவிட நம் கையில் எவ்வளவோ வசதி இருக்கிறது. ஆகவே ராயபுரம் முதல் மீஞ்சூர் வரை பேண்டு செட்டுகளில் வாசிக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தனியாகவும், பிறகு சேர்த்தும் பதிவுசெய்வதென்று முடிவெடுத்திருக்கிறோம். யார் எங்கே நின்றார் என்பதையும் எழுதிவைப்போம். அந்தக் குறிப்புகள் அடுத்த இதழிலிருந்து வரும்.

முதலில் மாஸ்டர். முன்பல் இரண்டு போய்விட்டதால் மேல்ஸ்தாயி முன்னைப்போல் நிற்பதில்லை என்கிறார். ஆனாலும் வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிறு மாலை, இதே மாடியறையில், கூட்ஸ் போன பிறகு.