ஏரிக்கரையிலிருந்து ஹட்சன் நதி

அமெரிக்க சரித்திரத்தைக் குடியேற்றக் காலம், விடுதலைப் போர்க் காலம், உள்நாட்டுப் போர்க் காலம் என்று வகுத்துவைத்து, ஆண்டுகளை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் ஒப்புவிக்கும் மாணவர்களைக் காணும்போதெல்லாம், அவர்களை ஒரு நாள் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்ற ஆசை எனக்கு எழுகிறது. வாயிலின் இரு மருங்கிலும் கல்லில் வடித்த எலும்புக்கூடுகள் நிற்க, உள்ளே, புடைத்தெழுந்த டச்சு எழுத்துக்களும் குலச்சின்னங்களும் தாங்கிய பலகைக் கற்கள் உப்புக்காற்றில் கிடக்கின்றன; விரலால் தடவினால் ஆண்டின் இலக்கங்கள் இன்னும் தட்டுப்படும்.

கீழ்த்திசைக்கு வடகடல் மார்க்கமாக வழி காணும்படி 1609ஆம் ஆண்டு ஹென்றி ஹட்சன் என்ற மாலுமியை அனுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான், மறு ஆண்டே பழவேற்காட்டில் கால் ஊன்றி, 1613இல் ஜெல்டிரியா கோட்டையையும் எழுப்பியது. ஹட்சன் தேடிய வழி அகப்படவில்லை; அவர் புகுந்து பார்த்த நதிக்கு அவர் பெயர் நிலைத்தது; அதன் முகத்துவாரத்தில் தோன்றிய புதிய ஆம்ஸ்டர்டாம் 1664இல் ஆங்கிலேயர் வசமாகி நியூயார்க் ஆயிற்று.

1619இல் வர்ஜீனியாவில் கரையிறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் படிக்கிறவன், அதே நூற்றாண்டில் பஞ்சம் தாளாமல் விலைப்பட்டு, இந்தக் கரையிலிருந்து டச்சுக்காரரின் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் ஏழை மக்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு இத்தோட்டத்தில் ஒரு கல்லும் இல்லை என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது.

பழவேற்காட்டு ஏரியின் மீனவர்கள் நீர்ப்பரப்பைப் 'பாடு' என்று வகுத்து, முறைவைத்து வலை இடுகிறார்கள். சச்சரவின்றித் தொழில் நடக்க அந்த ஏற்பாடு அவசியம். ஆனால் மீனும் இறாலும் பாட்டின் எல்லையறிந்து நீந்துவதில்லை. சரித்திர ஆசிரியர் வகுக்கும் யுகங்களையும் நான் அப்படித்தான் கருதுகிறேன்.

அமெரிக்கக் கலகக்காரர்களுக்கு டச்சு வணிகர்கள் வெடிமருந்து விற்ற காரணம் பற்றியும், வேறு சில விரோதங்கள் பற்றியும் 1780 டிசம்பரில் பிரிட்டன் ஹாலந்தின்மீது போர் தொடுக்க, அடுத்த ஆண்டே பழவேற்காடு ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபு வாஷிங்டனிடம் சரணடைந்தார். நவம்பரில், டச்சுக்காரரின் தலைமையிடமாயிருந்த நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்தனர். சமாதானத்துக்குப் பின் பழவேற்காடு டச்சுக்காரருக்குத் திரும்பியது, நாகப்பட்டினம் திரும்பவில்லை. ஆதலால் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் மறுபடியும் இவ்வூருக்கே வந்தது. யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸோ, 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.