‘தாளிக்க’ எங்கே முடிகிறது?

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கான குறிப்பை ஒருவர் வேர்டில் டைப் செய்கிறார். ‘தாளிக்க’ என்ற வரிக்குக் கீழே கடுகு, வெந்தயம், பெருங்காயம் மூன்றும் சற்று உள்ளே தள்ளி நிற்கின்றன. அடுத்த வரி பழையபடி வெளியே வந்து, ‘புளி - எலுமிச்சை அளவு’. இதே குறிப்பு இணையப் பக்கமாக மாறும்போது, எல்லா வரிகளும் ஒரே கோட்டில் வந்து நின்றுவிடுவது உண்டு. கை பழகியவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். முதன்முறை அடுப்பு பற்றவைக்கும் பிள்ளைக்கோ புளியும் தாளிக்கிற சாமான்தான். ‘காலை’, ‘இரவு’ என்று பிரித்து எழுதிய மாத்திரைப் பட்டியலில் இது நடந்தால் யாரும் சிரிக்க முடியாது.

வேர்டு கோப்பில் ஒவ்வொரு வரியும் தனி ஆள். தான் எத்தனையாவது மட்டம் என்ற எண்ணை மட்டும் சட்டைப்பையில் வைத்திருக்கும். வெளியே இருப்பது 0, அதற்குள் 1, இப்படி 8 வரை போகலாம். இணையப் பக்கத்தின் மொழியான எச்.டி.எம்.எல்-லில் இந்த எண் கிடையாது. அங்கே டப்பாவுக்குள் டப்பா. புள்ளி வைத்த பட்டியலுக்கு யு.எல், அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் எல்.ஐ.

ஆகவே, மாற்றித் தரும் மென்பொருள் எண்ணைப் பார்த்து டப்பா கட்ட வேண்டும். எண் கூடினால் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். குறைந்தால் மூட வேண்டும். 2-லிருந்து 0-க்குக் குதித்தால் இரண்டை மூட வேண்டும். ஒன்றை மூட மறந்தாலும் புளி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அனுபவசாலிகளும் சறுக்குகிற இடம் வேறு. ‘தாளிக்க’ என்ற எல்.ஐ-யை மூடிவிட்டு, அதற்குப் பிறகு உள்பட்டியலைத் திறப்பார்கள். உள்பட்டியல் அந்த எல்.ஐ-க்குள்ளேயே திறந்து, அங்கேயே மூட வேண்டும், எல்.ஐ மூடுவது அதன் பிறகுதான். தவறாக எழுதினாலும் பிரவுசர் முணுமுணுக்காது, அழகாகத் தள்ளியே காட்டும். அதனால்தான் இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை. கடுகும் வெந்தயமும் ‘தாளிக்க’வின் பிள்ளைகள் என்பதற்கு எழுதிய வரிகளில் ஒரு தடயமும் இருக்காது. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் செயலி, கண்ணுக்குத் தெரியும் இடைவெளியை நம்பி வேலை செய்வதில்லை, டப்பாக்களைத்தான் பார்க்கிறது. பட்டியலே போடாமல், வரிக்கு முன்னால் வெறும் இடைவெளி விட்டு ஒப்பேற்றுபவர்களின் பக்கமும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

மென்பொருளைச் சோதிக்க நீளமான பட்டியல் தேவையில்லை. மூன்று மட்டம் உள்ளே போய், அடுத்த வரியிலேயே வெளியே வரும் நாலு வரியைக் கொடுத்தால் போதும். கோளாறு இருந்தால் பெரும்பாலும் அந்த நாலாவது வரியில்தான் தலைகாட்டும்.