சார்பறிந்து கட்டுதல்

மஹய்யாவ வழியாக மாத்தளை செல்லும் புகையிரதத்தை நம் கல்லூரி அன்பர் யாவரும் அறிவர். கடுகண்ணாவையில் மண் சரிந்தால் கொழும்பு வண்டி இங்கு வந்து சேராது. பழுது அங்கே, காத்திருப்பு இங்கே. பெரிய மென்பொருள்களின் நிலையும் இதுவே.

பெருமென்பொருள் பல கூறுகளாலாயது. அவற்றுட் பல, நாம் முன்பின் அறியாதார் எழுதி இலவசமாக வழங்கியவை. ஒரு கூறு மற்றொன்றைச் சார்ந்து நிற்றல் குற்றமன்று. அச்சார்பினைக் கணக்கில் வையாமையே குற்றம் என்பது எமது துணிபு.

2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் 11 வரிக் கூறொன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்தினின்று நீக்கினார். உடனே ஆயிரக்கணக்கான மென்பொருள்களைக் கட்டும் வேலை தடைப்பட்டது. 2021 டிசெம்பரில் ‘லொக்-ஃபோர்-ஜே’ என்னும் கூற்றிற் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, அது தம்மிடம் உண்டோ இல்லையோ என்பதையே பல நிறுவனங்கள் அறிந்தில. அவை நேரே பெற்ற வேறொரு கூறு அதனையும் உடன் கொணர்ந்திருந்தது.

அங்ஙனமாயின் அனைத்தையும் நாமே எழுதுதல் நன்றன்றோ எனச் சிலர் வினவுவர். நன்றன்று. மறைகுறியாக்கம் போன்றவற்றைத் தனியொருவர் புதிதாக எழுதப் புகின், பலர் ஆராய்ந்து திருத்திய கூற்றினும் பிழை மலிந்ததே கிடைக்கும்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, இரவல் பெற்ற கூறுகள் அனைத்தையும், அவை உடன் கொணர்ந்தவற்றையும், பதிப்பெண்ணோடு பட்டியலில் எழுதி, புதிய பதிப்பைச் சோதித்த பின்னரே ஏற்றல். இரண்டாவது, சார்பு ஒரு திசையிலேயே செல்லுமாறு அமைத்தல். இரு கூறுகள் ஒன்றையொன்று பற்றி நின்றால் எதனையும் தனியே சோதித்தல் இயலாது. மூன்றாவது, ஒரு கூறு பிறிதொன்றின் உட்புறத்தைத் தொடாது, வகுத்த வாயில் வழியாகவே பழகல். 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கைத் தன்னார்வலர் ஆக்கிய ‘சஹானா’ நிவாரண மென்பொருளில், காணாமற்போனோர் பதிவும் முகாம் பதிவும் தனித்தனிக் கூறுகளாகவே அமைந்தன. மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அம்மென்பொருள் பயன்பட்டது.

இன்று மாணவரின் மென்பொருள் இயங்கினாற் போதும் என எண்ணிப் புள்ளி வழங்குகிறோம். ஆசிரியப் பெருமக்களுக்கு எம் வேண்டுகோள் இதுவே: அது எவற்றைச் சார்ந்து இயங்குகின்றது என்னும் பட்டியலையும் கேளுங்கள், அதற்கும் புள்ளியிடுங்கள். நாளை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் மென்பொருள் எழுதப்போகின்றவர் அவர்களே.