துருசு யார் கையில்?

இரணைமடுக் குளம் நிறைந்து தளம்பினாலும், துருசின் திறப்பு அந்நியன் மடியில் இருக்குமாயின், அந்நீரை நம்பி விதைப்பவனைச் சுதந்திரக் கமக்காரன் என்போமா? 'சுதந்திர உலாவிகள்' என்று இன்று பெருமை பேசப்படும் இணைய உலாவிகளின் நிலையும் இதுவே.

தமிழ்நாட்டின் சோகோ நிறுவனம் 2023இல் 'உலா' என்னும் உலாவியை வெளியிட்டது. இந்திய அரசு நடத்திய சுதேச உலாவிப் போட்டியில் 2025இல் முதற்பரிசும் பெற்றது. பெயர் தமிழ், உழைப்பு நம்மவருடையது, உள்ளே இயங்கும் பொறியோ கூகிள் முன்னின்று வளர்க்கும் குரோமியம்! பிரேவ், விவால்டி, ஒப்பரா யாவும் அப்பொறியிலேயே ஓடுகின்றன. மைக்ரோசொப்ட் என்னும் பகாசுர நிறுவனமே 2020இல் தன் சொந்தப் பொறியைக் கைவிட்டு அதனைத் தழுவிற்று.

சொந்தப் பொறியுடைய பயர்பொக்சோ, கூகிளைத் தன் முதன்மைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலியில் உயிர் வாழ்கிறது. கூகிளின் தேடல் ஏகபோகம் சட்டவிரோதமானதென 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது. மறு ஆண்டு அதே மன்றில், அப்பணம் நின்றால் பயர்பொக்ஸ் அழியக்கூடும் என்று சாட்சியம் அளித்தவர் மொசில்லாவின் நிதி அதிகாரி! ஏகபோகத்தை எதிர்க்கப் பிறந்தது, ஏகபோகத்தின் படியளப்புக்காக வாதாட நேர்ந்த அவலத்தை என்னென்பது?

"குரோமியம் திறந்த மூலநிரல்தானே, எவரும் எடுத்தாளலாமே" என்பர் சிலர். நிரலை எடுத்தாளும் உரிமை வேறு. அது செல்லும் திசையைத் தீர்மானிக்கும் வலிமை வேறு. வலிமை, ஆயிரக்கணக்கான பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுப்பவனிடமே இருக்கிறது.

தேசப் பெருமிதம் இந்நோய்க்கு மருந்தாகாது. வீதியையும் குளத்தையும் போல, உலாவிப் பொறியும் பல நாட்டு மக்களின் பொதுப்பணத்தில், பொதுச்சொத்தாக வளர்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பெயரில் மயங்காதீர். துருசு யார் கையில் என்று கேளுங்கள்!