மரமும் வேண்டும், தேனும் வேண்டும்



பள்ளித் தோட்டத்தில் கெலுலுட் கூடு வைக்கலாமே என்று கேட்போர் உளர். கொடுக்கில்லாத் தேனீ, கடித்தாலும் கொட்டாது. மாணவர்கள் அருகில் நின்றே பார்க்கலாம். நல்ல எண்ணந்தான். ஆயினும், அந்தக் கூடு எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கலாகாது என்பது என் கருத்து.

கெலுலுட் காட்டிலே உயிருள்ள மரத்தின் பொந்தில் குடியிருப்பது. கூட்டைக் கட்டையோடு எடுக்க வேண்டுமானால் மரத்தை அறுத்தாக வேண்டும். கட்டையின் தலையில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டால், தேனீக்கள் அதனுள் தேன்குடங்களைக் கட்டும். வெட்டுமரக்காரர் வீழ்த்திய மரத்திலிருந்து கூட்டை மீட்பது ஒருவகை. கூட்டுக்காகவே நிற்கும் மரத்தை வீழ்த்துவது வேறுவகை. கட்டைக்கு விலை வந்துவிட்டால் முன்னது பின்னதாக மாறுவதற்கு அதிக நாள் ஆகாது. தேனுக்காக, பல்லாண்டு வளர்ந்த மரத்தை இழப்பதை வளர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டுப் பழைய வழக்கம் இவ்வாறன்று. துவாலாங் மரம் 80 மீட்டரையும் தாண்டி வளரும். அதன் கிளைகளில் மலைத்தேனீயின் அடைகள் நூற்றுக்கு மேலும் தொங்குவதுண்டு. கெடாவின் பெடு வட்டாரத்தில் தேனெடுப்போர் நிலவில்லா இரவில் ஏறி, தீப்பந்தத்தைக் கிளையில் தட்டுவர். உதிரும் பொறிகளைத் துரத்திக்கொண்டு தேனீக்கள் கீழே இறங்கிவிடும். மரம் அப்படியே நிற்கும். அடுத்த பருவத்தில் தேனீ திரும்பி வரும். சரவாக்கில் இதனைத் தாப்பாங் என்பர். 1998ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அங்கு இது காக்கப்படும் மரம்.

ஆனால், ஒரு துவாலாங்கை மட்டும் விட்டுவைத்துச் சுற்றிலும் வெட்டித் தள்ளினால் என்ன பயன்? வீட்டை விட்டுவிட்டுக் களஞ்சியத்தை எரித்த கதைதான். மெராந்தி இனத்து மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒருசேரப் பூக்கின்றன. அப்பூக்காலத்தை நாடித் தேனீக் கூட்டங்கள் வெகுதொலைவிலிருந்து வருகின்றன. கெலுலுட் தன் கூட்டைக் கட்டும் பிசினையும் இத்தகைய மரங்களே தருகின்றன.

நான் மரம் வெட்டவே கூடாது என்பவன் அல்லன். நம் வீட்டுக் கதவும் சன்னலும் மெராந்தியாய் இருக்க, அவ்வாறு பேசுவது பொருந்தாது. அத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் உள்ளன. தீபகற்ப மலேசியாவில் 1978 முதல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை நடப்பில் உள்ளது. மெராந்திக் குடும்பத்து மரங்களுக்கு 50 செண்டிமீட்டர், பிறவற்றுக்கு 45 செண்டிமீட்டர் விட்டமாவது இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 30 ஆண்டுச் சுழற்சி. நல்ல ஏற்பாடே. எனினும் இது மரத்தின் கணக்கு. பொந்தின் கணக்கும் பூவின் கணக்கும் இதில் இல்லை. பொந்து விழுந்த மரத்திற்கு அறுவை ஆலையில் பெருமதிப்பு கிடையாது. அதனையும் அதன் அருகே பூக்கும் மரங்கள் சிலவற்றையும் குறியிட்டு விட்டுவைத்தால் வெட்டுவோருக்கு இழப்பு சிறிது, தேனீக்கோ வாழ்வே அதுதான்.

பள்ளிக்கு வருவோம். வளர்ப்போர் ஒரு கூட்டின் புழுவடையைப் பிரித்து, அரசித் தேனீயின் அறையோடு புதுப்பெட்டியில் வைத்து இன்னொரு கூட்டை உருவாக்குகின்றனர். அத்தகைய பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். கட்டையோடு தருவோரிடம், தோட்டம் திருத்தியபோது விழுந்த மரமா, காட்டில் வெட்டியதா, உரிமம் உண்டா என்று மாணவர்கள் முன்னிலையிலேயே கேளுங்கள். விடை மழுப்பலாக இருந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.