காட்டேரி குடித்த இரத்தம்

புதுச்சேரிக் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே துய்ப்ளே, அவர் இங்கே கவர்னராக இருந்தபோது, 1746-ல், பாரிஸ் நகரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் கால்மே என்ற பாதிரியார். விஷயம் என்ன தெரியுமா? புதைத்த பிணம் இராத்திரியில் எழுந்துவந்து மனிதர் இரத்தத்தைக் குடிக்கிறது என்று கிழக்கு ஐரோப்பாவில் கிளம்பிய பீதி! ஊரார் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். பிணம் உப்பியிருந்தது, வாயோரம் இரத்தம். போதாதா? உடல் அழுகும்போது வாயு சேர்ந்து உப்பும், கறுத்த நீர் வாய்வழியே கசியும் என்பது அந்த ஜனங்களுக்குத் தெரியாது. கடைசியில் 1755-ல் ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா, பிணங்களைத் தோண்டக் கூடாதென்று உத்தரவே போட வேண்டியதாயிற்று.

சிரிக்காதீர்கள். நம் ஊரிலும் இரத்தக் காட்டேரி உண்டே! "பிள்ளைத்தாய்ச்சி, உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே" என்று எத்தனை பாட்டிமார் மிரட்டியிருக்கிறார்கள்! பெற்ற கையோடு ஒருத்தி வெளுத்துப்போய்க் கண்ணை மூடினால், காட்டேரி குடித்துவிட்டது என்று அழுதார்கள். குடித்தது யார்? ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு, நஞ்சு விழுந்த பிறகும் சுருங்காத கர்ப்பப்பை, நிற்காத இரத்தப்போக்கு. பிரசவத்தில் தாய்மாரைப் பலிகொள்வதில் உலகில் இன்றும் முதலிடம் அதற்குத்தான். புடவை நனைந்துகொண்டே இருக்கையில் மந்திரிப்பவருக்கு ஆள் அனுப்பிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டியிருந்தால், எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

இந்தப் பயத்தையே காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறோமே, அது ஏன்? பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய 'டிராகுலா' இன்னும் விலைபோகிறது. கதையில் வரும் இரத்தக்குடியனுக்கு ஓர் உருவம் உண்டு, பெயர் உண்டு, பூண்டையும் சிலுவையையும் காட்டி விரட்ட வழியும் உண்டு. காரணம் தெரியாமல் வீட்டுக்குள் நுழையும் சாவுக்கு இவற்றில் எது உண்டு? ஆகவேதான் விளக்கை அணைக்காமல் படிக்கிறோம். (கதவு தட்டப்படும் இடத்தில் 'தொடரும்' போடும் ஆசிரியர்களைத் திட்டிக்கொண்டே அடுத்த வாரம் வரை காத்திருக்கவும் செய்கிறோம்!)

நம்முடைய செயங்கொண்டாருக்குப் பேயிடம் பயமே கிடையாது. அவருடைய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கிவிட்டுப் போர்க்களத்திலே கூழ் காய்ச்சுகின்றன. பந்தியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய் எல்லாம் உட்காருகின்றன. நடுவே ஒரு பெண்பேய். தன் புருஷன் கூழ் குடிக்க மாட்டான் என்று சொல்லி, அவன் பங்கையும் தானே குடித்துத் தீர்க்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சமாசாரம் இது!