முகம் தெளிவாக இருந்தால் போதுமா?

நம் பள்ளி ஆண்டு மலர் கையில் கிடைத்தவுடன் நாம் முதலில் புரட்டுவது எந்தப் பக்கத்தை? உண்மையைச் சொல்வதானால் கட்டுரைப் பக்கத்தை அன்று. வகுப்புக் குழுப் படங்கள் உள்ள பக்கத்தைத்தான். "இதோ நான்! இதோ என் தோழி!" என்று விரல் வைத்துக் காட்டாத மாணவி நம்மில் எவரும் இலர். வீட்டில் அம்மாவும் அப்பத்தாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடிப் பார்ப்பதும் அந்தப் பக்கத்தையே. ஆகவே, அப்படங்களை எடுக்கும் கேமராவுக்கு எத்தகைய லென்ஸ் வேண்டும் என்பது, படம் பிடிப்பவர் மட்டும் தீர்மானித்துக்கொள்ளக்கூடிய சிறு காரியம் அன்று என்பது எங்கள் கருத்து.

இந்த ஆண்டு பெற்றோர் சிலர் பள்ளிக் கேமராவுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். அச்செய்தி வந்த நாள்முதல் மலர்க் குழுவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. "கூர்மையே முக்கியம், இமை மயிரை எண்ணிப் பார்க்கும்படி படம் விழ வேண்டும்" என்றது ஒரு கட்சி. "கூர்மை மட்டும் இருந்தால் அது ஆதார் அட்டைப் படம். பழைய லென்ஸ்களுக்கு ஒரு குணம் உண்டு; அதுதான் வேண்டும்" என்றது மற்றொரு கட்சி. மதிய உணவு வேளைகளில் நடந்த அந்த வழக்கு எங்கே போய் முடிந்தது என்பதைப் பெற்றோர் முன்னும் அருட்சகோதரியர் முன்னும் வைக்கவே இதை எழுதுகிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சியினரும் ஒன்றாக இருந்தோம். கேமராவுடன் வந்த ஜூம் லென்ஸ் போதாது. சென்ற ஆண்டு மலரில் நம் ஊர் உழைப்பைப் பற்றி ஒரு பக்கம் போட எண்ணி, போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கி ஒன்றுக்குச் சென்றோம். உள்ளே கூரையில் பதித்த ஒரே ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாகத்தான் வெளிச்சம். அதன் கீழே அம்மாமார்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சை வேறு, வெளிறியது வேறு, பருமன் வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விரல்களின் வேகம் எங்கள் கண்ணுக்கே எட்டவில்லை. அந்த ஜூம் லென்ஸுக்கு எப்படி எட்டும்? படத்தில் முகங்கள் இருந்தன, முறம் இருந்தது, விரல்கள் இருந்த இடத்தில் புகை மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தின் உயிரே விரல்கள்தாம் அல்லவா?

காரணம் நம் ஒளியியல் பாடத்திலேயே இருக்கிறது. குவியத் தொலைவைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மி.மீ. அகலம். எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். உள்ளே நுழையும் ஒளியோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கேமராவுடன் வரும் ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் 50 மி.மீ. அளவில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும். விரல்கள் விரல்களாகவே விழுந்துவிடும்.

இப்படி அகலத் திறக்கும் லென்ஸ்களில் நம் போன்றோர் வாங்கக்கூடிய விலையில் இருப்பவை ஒரே குவியத் தொலைவு கொண்டவை. பிரைம் லென்ஸ் என்பார்கள். முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டுமானால் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. நாமே நடந்து கிட்டே போக வேண்டும். (எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை இதை மிகவும் வரவேற்பார்.)

பாஸ்கா திருவிழிப்பு இரவை நினைத்துப் பாருங்கள். கோவில் முழுவதும் விளக்கு அணைந்திருக்க, பாஸ்கா திரியிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தியை மற்றவர் பற்றவைத்துக்கொள்ள, முகம் முகமாக வெளிச்சம் பரவும் நேரம் அது. அங்கே பிளாஷ் அடித்தால் பக்தியும் போயிற்று, படமும் போயிற்று. ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநர் 1975-இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி ஒளியிலேயே காட்சிகளை எடுத்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது, நாசாவின் விண்வெளிப் பணிக்காக ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸ். மொத்தமே பத்துதான் செய்தார்களாம். நம் தமிழ்ப் படங்களிலும் இருக்கிற வெளிச்சத்தையே நம்பி ஒளிப்பதிவு செய்தவர், மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா. 'மூன்றாம் பிறை' (1982) ஒளிப்பதிவுக்காக அவர் தேசிய விருது பெற்றார்.

இனிக் கட்சிச் சண்டைக்கு வருவோம். ஒளி வேண்டும் என்று துவாரத்தை அகலத் திறந்தால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. லென்ஸின் நடுவே நுழையும் கதிர்கள் ஓரிடத்திலும், ஓரத்தில் நுழையும் கதிர்கள் சற்று வேறிடத்திலும் குவிகின்றன. கோளப் பிறழ்ச்சி என்று இதற்குப் பெயர். அதனால் தெளிவான உருவத்தின்மேல் மெல்லிய பனி படர்ந்தாற்போல ஓர் ஒளிர்வு ஏற்படுகிறது. படத்தின் ஓரங்கள் கரைந்து போகின்றன. தவிரவும், கூர்மையாகத் தெரியும் ஆழமும் குறைந்துவிடும். எங்கள் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த ஆழம் அரைச் சாண்தான். கண் தெளிவாக இருக்கும். காதுக்குப் பின்னால் உள்ள ரிப்பன் மங்கிவிடும்.

இது குறையா, குணமா? கூர்மைக் கட்சியினர் குறை என்றார்கள். அதைப் பெரிதும் குறைத்த லென்ஸ்களும் உண்டு. சிக்மா நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் 13 கண்ணாடிகள். எடை 815 கிராம். கேனான் நிறுவனத்தின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸிலோ 6 கண்ணாடிகள். எடை 160 கிராம் அளவு. முன்னது அகலத் திறந்தாலும் ஊசி முனை போலப் படம் தரும். ஆனால் விலையைக் கேட்டால் நன்கொடை தர முன்வந்த பெற்றோர் பின்வாங்கிவிடுவார்கள்!

குணக் கட்சியினர் சாட்சிக்கு அழைத்தது ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரை. (பெயரில் கேமரா இருப்பது தற்செயல்தான்.) 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. கோழிக் கூண்டையே படப்பிடிப்புக் கூடமாக மாற்றிக்கொண்டு, வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக உட்காரவைத்துப் படங்கள் எடுத்தார். அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தார் அவர் படங்கள் குவியம் தவறியவை என்று பழித்தார்கள். அவரோ முகம் அழகாகத் தோன்றும் இடத்தில் லென்ஸை நிறுத்திக்கொள்வதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மை வரை திருகுவதில்லை என்றும் எழுதிவைத்தார். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவர் படங்களைப் போற்றிக் காக்கின்றன.

ஆனால் 1867-இல் அவர் எடுத்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் படத்தைப் பாருங்கள். மென்மையான படம்தான், ஆயினும் அந்தக் கிழவரின் நெற்றிச் சுருக்கமோ, கலைந்த வெள்ளை முடியோ, கண்ணின் கீழ்த் தொங்கும் தசையோ எதுவும் மறைக்கப்படவில்லை. மென்மை வேறு, மறைப்பு வேறு. இந்த இடத்தில்தான் எங்கள் இரு கட்சிகளும் முதன்முதலாகக் கிட்டே வந்தோம்.

ஏனெனில் இன்று மென்மை என்ற பெயரில் நடப்பதே வேறு. கைப்பேசியில் அழகூட்டும் பொத்தானை அழுத்தினால் பரு போகிறது, மச்சம் போகிறது, கறுப்பும் போகிறது. நம் பள்ளத்தாக்கின் வெயிலில் திராட்சைக் கொடிப் பந்தலிலும் வயலிலும் நின்று உழைத்த அம்மாவின் முகம் எவர் முகமோ ஆகிவிடுகிறது. பின்புலத்தை மங்கலாக்கும் வசதியும் அப்படித்தான். அது கண்ணாடியின் வேலையன்று, கணக்கின் வேலை. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தைப் பின்புலம் என்று எண்ணிப் பாதியில் அழித்துவிடுகிறது. சில ஸ்டுடியோக்களும் கேட்காமலே நம்மை வெளுப்பாக்கித் தருகின்றன. ஓர் ஊர் ஸ்டுடியோவில் விண்ணப்பத்துக்காக எடுத்த படத்தைக் கொண்டுவந்த எங்கள் வகுப்புத் தோழியைப் பார்த்து, "இது யாரம்மா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. கறுப்பாய் இருப்பது திருத்த வேண்டிய பிழை என்று அந்தப் படம் அவளிடம் சொல்லிவிட்டது. லென்ஸின் குணத்தை விரும்புகிறவர்கள் இதை விரும்புகிறவர்கள் ஆகமாட்டார்கள். குணமுள்ள லென்ஸ், முகத்தைச் சுற்றியுள்ளதை அடக்கி முகத்தை முன்னே நிறுத்துகிறது. முகத்தில் கை வைப்பதில்லை.

கேமரன் அம்மையாரிடமும் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1875-இல் அவர் குடும்பத்தோடு இலங்கைக்குச் சென்றார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் அங்கேயே இறந்தார். அந்த நான்காண்டுகளில் அவர் எடுத்த படங்களில் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறையில் தொழிலாளர்களை நிற்கவைத்தும் எடுத்தார். நம் தென் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாக அந்தத் தீவின் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கீழே கவிஞர் இன்னார், விஞ்ஞானி இன்னார் என்று பெயர்கள் இருக்கின்றன. 1878-ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர்களின் குழு' என்பதே. முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்தாலும் "இதோ எங்கள் பாட்டி" என்று விரல் வைக்க இயலாது.

எனவேதான் குழுப் படம் என்று வரும்போது நாங்கள் அனைவரும் கூர்மைக் கட்சிக்கு மாறிவிட்டோம். ஓரங்கள் கரைந்து போகும் அழகு ஒரு தனி முகத்துக்குச் சரி. 45 பேர் நிற்கும் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் யார்? நடுவில் உட்காரக் கூசுகிறவள், ஆண்டின் பாதியில் வந்து சேர்ந்தவள், அப்பா அம்மா இருவரும் மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட விடுதியில் இருப்பவள். அவர்களில் சிலர் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் ஒரே பள்ளிப் படம் இதுதான். லென்ஸின் குணத்துக்காக அவளுடைய முகத்தைக் கரைத்துவிட நமக்கு உரிமை இல்லை.

எங்கள் ஓட்டு விலை மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கே. இதை இரு கட்சிக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம் என்று எண்ண வேண்டாம். ஆறு கண்ணாடி உள்ள அந்தச் சிறு லென்ஸ் அகலத் திறந்தால் மென்மையாகவும், எஃப் 5.6 அல்லது எஃப் 8-க்குச் சுருக்கினால் ஓரம்வரை கூர்மையாகவும் படம் தருகிறது. ஒரே லென்ஸுக்குள் இரண்டு குணம்! எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து நாம் துவாரத்தைத் திறந்தோ சுருக்கியோ வைத்தால் போதும். பணி ஓய்வு பெறும் ஆயாம்மாவின் தனிப் படத்துக்கு எஃப் 2. ஏலக்காய் பிரிக்கும் விரல்களுக்கு எஃப் 1.8-ஐ விட்டால் வழியில்லை. வகுப்புப் படத்துக்கு எஃப் 8. அதற்கு மைதானத்தில் ஏறக்குறைய 17 மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும், வேப்பமரத்தைத் தாண்டி.

பழைய ரஷ்ய லென்ஸான ஹீலியோஸ் ஒன்றை இனாமாகத் தருவதாக ஒரு தோழியின் மாமா சொல்லியிருக்கிறார். அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பின்னால் உள்ள இலைகளைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டும் அந்த வித்தையை, வேப்பமரத்தடியில் ஒருவரை மட்டும் உட்காரவைத்துப் பழகிக்கொள்கிறோம்.

பெற்றோருக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். லென்ஸ் வாங்கி மீதமாகும் பணத்தில் ஒரு முக்காலி ஸ்டாண்டு வாங்கித் தாருங்கள். வகுப்புப் படம் எடுக்கும் நாளில் கேமராவை அதில் பூட்டிவிட்டு, நோட்டும் பேனாவுமாக எங்களில் இருவர் வரிசை வரிசையாகப் பெயர்களை எழுதி வருவோம். இடது ஓரத்திலிருந்து தொடங்குவோம்.